மேட்டூர் நீர்மட்டம் ஒரு நாள் விடுபட்டதும் அத்தனை போன் ஏன்? நாம் எதற்காகச் செய்தி படிக்கிறோம்?

வெண்ணாறு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஒரு நாளிதழின் டெல்டா பதிப்பில் 22 வருடம் துணை ஆசிரியராக இருந்தேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். வேலையில் இருந்தபோது உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைக்காத ஒரு கேள்வியை உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் எதற்காகச் செய்தி படிக்கிறீர்கள்?

கேள்விக்குக் காரணம் ஒரு ஜூலை மாத இரவு. பக்கம் முடிக்கும் நேரத்தில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் வந்தது. இடம் பண்ண வேண்டும். மேட்டூர் அணை நீர்மட்டம் போடும் சின்னப் பெட்டியைத் தூக்கிவிட்டேன். நாலு வரிதானே, ஒரு நாள்தானே என்று நினைத்தேன். மறுநாள் காலை ஆறரைக்கே அலுவலகத்தில் போன் அடிக்கத் தொடங்கியது. ஒரத்தநாடு, திருத்துறைப்பூண்டி, பேராவூரணி என்று மதியம் வரை நிற்கவில்லை. கோபமாகப் பேசியவர்கள் குறைவு. பலர் "ஏன் சார் போடலை, ஏதாவது பிரச்சினையா?" என்று பதற்றமாகத்தான் கேட்டார்கள். அந்த நாலு வரி வராததே அவர்களுக்கு ஒரு செய்தியாகப் போயிருந்தது.

அதே வருடம் இன்னொரு தவறும் நடந்தது. முந்தைய நாள் வந்த தலையங்கமே மறுநாளும் அச்சாகிவிட்டது. அதற்கு வந்தவை இரண்டே போன்கள்.

தலையங்கம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நானே பல நாள் எழுதியிருக்கிறேன். ஆனால் வாசகருக்கு முக்கியம் என்று நாங்கள் நினைத்ததும், வாசகர் கையில் பேப்பரை எடுத்ததும் எதைத் தேடினார் என்பதும் வேறு வேறாக இருந்தன. இது நம் ஊரில் மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1945 ஜூன் கடைசியில் நியூயார்க்கில் பத்திரிகை விநியோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான வீடுகளுக்குப் பேப்பர் போகவில்லை. அந்த நேரத்தில் பெர்னார்ட் பெரல்சன் என்ற ஆய்வாளர் தன் குழுவோடு மன்ஹாட்டனில் சுமார் 60 பேரிடம் விரிவாகப் பேசினார். பேப்பர் இல்லாமல் எதை இழந்தீர்கள் என்பதுதான் கேள்வி. உலக நடப்பு, அரசியல் என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தார்கள். குறிப்பாக எந்தச் செய்தியை என்று கேட்டதும் பெரும்பாலோரால் சொல்ல முடியவில்லை. வானொலி நிகழ்ச்சி நேரம், கடை விளம்பரம், மரண அறிவிப்பு, சாப்பிடும்போது கையில் ஒரு தாள் இருக்கும் பழக்கம் என்று அன்றாட விஷயங்கள் ஒவ்வொன்றாக வந்தன. நகர மேயர் லா கார்டியா ஞாயிற்றுக்கிழமை வானொலியில் உட்கார்ந்து குழந்தைகளுக்காகப் படக்கதையை வாசித்துக் காட்டினார். ஒரு மாநகர மேயர் அதைச் செய்ய வேண்டியிருந்தது என்றால் ஜனங்கள் எதற்கு ஏங்கினார்கள் என்று பாருங்கள்.

நீங்கள் சொல்லுங்கள். நாளை காலை செய்தி என்று எதுவுமே வராவிட்டால் முதலில் எதைத் தேடுவீர்கள்?

முகவர் மகள்

ஐயா, என் அப்பா மன்னார்குடியில் பேப்பர் ஏஜென்ட். காலை நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் கட்டு இறங்கும். இணைப்புகளைச் செருகி, லைன் பையன்களுக்குப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. கல்லூரி முடிக்கும் வரை செய்தேன்.

நீங்கள் கேட்டதற்கு அப்பாவின் கணக்கு நோட்டில் பதில் இருக்கிறது. யார் எப்போது பேப்பர் சேர்த்தார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்று தேதியோடு எழுதி வைத்திருப்பார். ஒரு வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேட ஆரம்பித்தால் ஞாயிறு மட்டும் கூடுதலாக ஒரு பேப்பர் வாங்குவார்கள், மணமகன் தேவை பக்கத்துக்காக. கல்யாணம் முடிந்ததும் அது நின்றுவிடும். பையன் டிஎன்பிஎஸ்சி எழுதுகிறான் என்றால் ஒன்றரை வருடம் இரண்டு பேப்பர் போகும். வேலை கிடைத்தாலும் நிறுத்துவார்கள், கிடைக்காமல் மனம் வெறுத்தாலும் நிறுத்துவார்கள். எது என்று அப்பாவுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கேட்கவே மாட்டார்.

தேர்தல் வந்தால் கட்சிப் பேப்பர் போகும் வீடுகள் கூடும். அதில் என்ன எழுதியிருக்கும் என்று வாங்குகிறவருக்கு முதல் நாளே தெரியும். இருந்தும் வாங்குவார். தன்னைப் போல நினைக்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள் என்று தினமும் ஒருமுறை பார்த்துக்கொள்ள அது வேண்டியிருந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

2020 மார்ச் ஊரடங்கில் பேப்பரில் வைரஸ் ஒட்டிக்கொண்டு வரும் என்ற பயத்தில் ஒரே வாரத்தில் பாதி லைன் போய்விட்டது. அப்புறம் ஊர் திறந்த பிறகும் அவர்களில் பலர் திரும்பவில்லை. காலையில் பேப்பர் இல்லாமல் இருக்க முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான். இரண்டு மாதம் இல்லாமல் இருந்து பார்த்தார்கள், இருக்க முடிந்தது. அப்பா அதற்குப் பிறகு தொழிலை விட்டுவிட்டார்.

நொய்யல்

நான் செய்தி படிப்பதையே நிறுத்தியவள். கோவை, வயது 27. படிக்காதவர்கள் குரலும் இந்த இழையில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2021 மே மாதம், இரண்டாவது அலை. படுக்கை இல்லை, ஆக்சிஜன் இல்லை என்று இரவு இரண்டு மணி வரை போனில் உருட்டிக்கொண்டே இருப்பேன். எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் தொற்று இருந்தது. மறுநாள் என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் தேடினேன். கிடைத்ததெல்லாம் மயானத்துப் படங்கள். அவை உண்மைதான், காட்டத்தான் வேண்டும். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் வேண்டியது வேறு. கடைசியில் எங்கள் தெருக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியல்தான் உதவியது. எந்த மருத்துவமனையில் இடம் இருக்கிறது, எந்த எண்ணை யார் எடுக்கிறார்கள் என்று அவரே ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுச் சரிபார்த்து எழுதியது.

அப்பா பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு செய்திச் செயலி எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். என்னைப் போல நிறைய பேர் என்று பின்னால் தெரிந்தது. ஆக்ஸ்போர்டில் இருக்கும் ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு நிறுவனத்தின் வருடாந்தர அறிக்கையில், சில நேரமோ அடிக்கடியோ செய்தியைத் தவிர்க்கிறோம் என்று பல நாடுகளிலும் சேர்த்துச் சொன்னவர்கள் 2017 இல் 29 சதவீதம், 2024 இல் 39 சதவீதம். இவர்கள் எல்லாம் உலகத்தைப் பற்றி அக்கறை இல்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அக்கறை இருந்ததால்தான் தாங்க முடியவில்லை.

செய்தி மேசை

நொய்யல் அக்கா சொன்னதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பதில் எழுத முடியவில்லை. நான் ஒரு செய்தி இணையதளத்தில் வேலை செய்கிறேன். எத்தனை பேர் எதைத் திறக்கிறார்கள் என்பது எங்கள் மேசையில் ஒரு திரையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

நவம்பரில் மழை அடித்தால் காலை ஐந்து மணியிலிருந்து ஜனங்கள் தேடுவது ஒன்றைத்தான். எந்தெந்த மாவட்டத்தில் பள்ளிக்கு விடுமுறை? ஒரு தாய்க்கு அது தெரிந்தால்தான் சோறு வடிப்பதா, பிள்ளையை எழுப்புவதா என்று முடிவு பண்ண முடியும். மாவட்டங்களின் பெயரைத் தலைப்பிலேயே எழுதினால் போதும், வேலை முடிந்தது. ஆனால் அப்படி எழுதினால் யாரும் உள்ளே வர மாட்டார்கள் என்று "எந்தெந்த மாவட்டங்கள் தெரியுமா?" என்று தலைப்பு வைக்கச் சொல்கிறார்கள். உள்ளே வந்து, நாலு பத்தி தாண்டி, இரண்டு விளம்பரத்தை மூடி, கடைசியில்தான் பெயர்கள். தங்கம் விலைக்கும் இதே கதை.

அந்தப் பக்கத்துக்கு லட்சக்கணக்கில் பார்வை வரும். கூட்டத்தில் அதைக் காட்டி, வாசகர் விரும்புவது இதைத்தான் என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பஸ் வராததால் மழையில் நடந்துபோகிறவரைப் பார்த்து, இவருக்கு நடப்பது பிடிக்கும் என்று சொல்வது மாதிரி இருக்கிறது.

வெண்ணாறு

தம்பி, எங்கள் காலத்தில் இந்தத் திரை கிடையாது. வாசகர் கடிதமும் போனும்தான். அது வசதியா வசதிக்குறைவா என்று இப்போது யோசிக்கிறேன். போன் பண்ணுகிறவர் தனக்கு என்ன வேண்டும் என்று வாயால் சொல்வார். திரையில் விரல் பட்டது மட்டும்தான் தெரிகிறது.

வல்லைவெளி

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், இப்ப கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். நொய்யல் தங்கச்சி செய்தியை விட்டது எனக்கு விளங்குது. எங்களுக்கு அதை விட்டுவிட வழி இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை. பற்றறி தடை செய்யப்பட்ட பொருள், மண்ணெண்ணெய் யானை விலை. அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைப்பார். அண்ணா பெடலைச் சுற்றுவார். டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் போகும். பிபிசி தமிழோசை கேட்க வேண்டும் என்றால் முழு நேரமும் ஒருத்தர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், கை ஓய்ந்தால் குரல் மங்கிப்போகும். அக்கம்பக்கத்தார் பதினைந்து பேர் முற்றத்தில் இருப்பார்கள். ஒருத்தரும் கதைக்க மாட்டார்கள். அச்சுத்தாளுக்கும் தட்டுப்பாடு. உள்ளூர்ப் பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளில் வந்ததையும் கையில் வைத்து வாசித்திருக்கிறேன். ஒரு தாள் நாலு வீட்டுக்குப் போய்த்தான் எங்களுக்கு வரும்.

ஏன் அவ்வளவு பாடுபட்டோம்? எங்கே ஷெல் விழுந்தது என்பது றேடியோ சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. சத்தம் கேட்கும், சனம் ஓடி வரும். நாங்கள் கேட்க நினைத்தது, எங்களுக்கு நடப்பது வெளியில் ஒருத்தருக்காவது தெரியுதா என்று. லண்டனில் இருந்து ஒரு குரல் எங்கள் ஊரின் பெயரைச் சொல்லும்போது அம்மம்மா ஒரு பெருமூச்சு விடுவா. அந்தப் பெயரைக் கேட்கத்தான் அண்ணா பெடல் சுற்றினவர்.

இப்ப இங்கே கையில் எல்லாம் இருக்கு. காலையில் எழும்பி நான் முதலில் பார்ப்பது மரண அறிவித்தல். ஊர், வந்து குடியேறின இடம், பிள்ளைகள், மருமக்கள், சகோதரங்கள் என்று முழு விபரமும் அதில் இருக்கும். அம்மா இலங்கை வானொலியில் அதைத்தான் தவறாமல் கேட்பா. சின்ன வயசில் எனக்கு அது பிடிக்காது. சிதறிப்போன ஒரு ஊர் இன்னும் எங்கெங்கே இருக்கிறது என்று இப்ப அதில்தான் பார்க்கிறேன். போன மாதம் என்னோடு படித்த ஒருத்தி நோர்வேயில் இருக்கிறாள் என்று அவளின் தகப்பனாரின் அறிவித்தலில் கண்டு, முப்பது வருஷத்துக்குப் பிறகு கதைத்தோம்.

தமிழோசை வானொலியை 2017 ஏப்ரல் 30 உடன் நிறுத்தினார்கள். அன்றைக்கு அண்ணாவுக்குத்தான் முதலில் போன் எடுத்தேன்.

படிப்பகம்

எல்லோரும் மனசில் இருந்து எழுதியிருக்கிறீர்கள். நான் கும்பகோணத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர். வெண்ணாறு சாரோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன், வருத்தப்படக் கூடாது.

தமிழில் பத்திரிகை தொடங்கியபோது அது படித்தவர்கள் சமாச்சாரம். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882 இல் சுதேசமித்திரனைத் தொடங்கினார். 1904 இல் அங்கே உதவி ஆசிரியராகச் சேர்ந்த பாரதி, ஆங்கிலத்தில் வந்த செய்திகளை மொழிபெயர்த்துக் கொடுத்தார். எவ்வளவோ பெரிய காரியம், ஆனால் அது ஒரு சின்ன வட்டத்துக்குள்தான் சுற்றியது. 1942 இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய பிறகுதான் டீக்கடை பெஞ்சுக்குப் பேப்பர் வந்தது. சின்ன வாக்கியம், கொட்டை எழுத்துத் தலைப்பு, பேசுகிற தமிழ். என் தாத்தா எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரிந்தவர். டீக்கடையில் ஒருவர் சத்தமாக வாசிக்க, இவர் அந்தத் தலைப்பை விரலால் தடவிப் பார்த்தே படிப்பைச் சரளமாக்கிக்கொண்டார். கொலைச் செய்தியும் சினிமாச் செய்தியும் அவரை உள்ளே இழுத்தது உண்மை. உள்ளே போனவர் சட்டசபையில் என்ன பேசினார்கள் என்பதையும் படித்தார். கட்சிப் படிப்பகங்களில் கூட்டம் நிறைந்திருந்த காலத்தை நானே கண்டிருக்கிறேன்.

என் கவலை இதுதான். ஜனங்கள் போன் போட்டுக் கேட்பதை மட்டும் கொடுத்தால், யாருமே கேட்காததை யார் எழுதுவது? 2004 ஜூலை 16. எங்கள் ஊர் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் கூடத்தில் பிடித்த தீ, கூரைக்குத் தாவியது. அதற்கு முதல் நாள் வரை பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கொட்டகையைப் பற்றி எழுதுங்கள் என்று எந்த வாசகராவது போன் பண்ணியிருப்பாரா? நானும் ஆசிரியர்தான். தினமும் கீற்றுக் கூரைக்குக் கீழ் நின்று பாடம் நடத்தியவன். எனக்கே தோன்றவில்லை.

வெண்ணாறு

சார், வருத்தம் எதற்கு? அன்று நான் டெஸ்கில் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. பெயர்ப் பட்டியலை எழுத்துப்பிழை இல்லாமல் போட வேண்டும் என்று மூன்று பேர் மாறி மாறிச் சரிபார்த்தோம். அந்த இரவைப் பற்றி அதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஆனால் அடுத்த வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும். போன் வந்தது சார். "எங்கள் ஊர்ப் பள்ளியும் கீற்றுக் கொட்டகைதான், வந்து பாருங்கள்", "மாடிப்படி ஒன்றுதான், அதுவும் ஒரு ஆள் ஏறுகிற அகலம்" என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். நாங்கள் அவர்களைக் கேட்கச் சொல்லவில்லை. ஒரு செய்தியைப் படித்து, தன் பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மனதில் பார்த்து, உடனே கூப்பிட்டார்கள். மேட்டூர் பெட்டிக்குக் கூப்பிட்டவரும் இவரும் வேறு வேறு ஆள் இல்லை. இரண்டு தடவையும் என் இடத்தில் என்ன நடக்கப்போகிறது, நான் என்ன செய்ய வேண்டும் என்றுதான் கேட்டார்.

யாரும் கேட்காததை எழுதுவது எங்கள் கடமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எழுதியதை வாசகர் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் வைத்தோமா என்பதில்தான் தவறினோம். தீர்ப்பு 2014 ஜூலையில் வந்தபோது முதல் பக்கத்தில் போட்டோம். நடுவில் இருந்த பத்து வருடத்தில், முதல் வாரம் போன் பண்ணிய அந்த ஊர்களின் பள்ளிக்கூடங்களுக்கு எத்தனை பேர் திரும்பிப் போனோம்? நான் போகவில்லை. அது இன்னும் மனதில் இருக்கிறது.

நொய்யல்

சார், நீங்கள் கடைசியில் சொன்னதுதான் எனக்கு வேண்டியது. ஒரு பயங்கரத்தைச் சொல்லிவிட்டு, அப்புறம் என்ன ஆயிற்று என்று சொல்லவே மாட்டார்கள். பாதியில் விட்ட கதைகளாகவே மண்டைக்குள் கிடக்கின்றன. அவை முடிந்தனவா என்று தெரிந்தால் நான் திரும்பவும் படிப்பேன்.

கடைமடை

மேட்டூர் பெட்டி பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நான் தலைஞாயிறு பக்கத்து விவசாயி. அந்தக் காலையில் உங்களுக்குப் போன் பண்ணியவர்களில் எங்கள் ஊர்க்காரரும் இருந்திருப்பார்.

அந்த நாலு வரியை எப்படிப் படிப்போம் தெரியுமா? அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. வழக்கமாக ஜூன் 12 திறக்க வேண்டும். 90 அடிக்கு மேல் இருந்தால் மனதில் ஒரு தெம்பு வரும். ஆனால் நீர்மட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று கழித்துப் பார்க்க வேண்டும். அதோடு கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகர், கபினி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் எவ்வளவு வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்போம். கபினி நிரம்பிவிட்டால் மிச்சம் நமக்குத்தான் வரும். 2022 இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024 இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். இந்த இரண்டு தேதிக்கும் நடுவில்தான் குறுவை போடுவதா, சம்பாவுக்கு நேரடி விதைப்பா, விதை எப்போது வாங்குவது, நகையை எப்போது அடகு வைப்பது எல்லாம் இருக்கிறது. அதனால்தான் அந்தப் பெட்டி ஒரு நாள் இல்லை என்றாலும் கைகால் ஓடாது.

இப்போது போனிலேயே நீர்மட்டம் வந்துவிடுகிறது. ஆனால் எங்களுக்கு உண்மையில் வேண்டிய செய்தி இன்னும் எதிலும் வருவதில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு மூன்று நாளில் வந்துவிடும். கல்லணை திறப்பைப் பூத்தூவிப் படம் எடுத்துப் போடுகிறீர்கள். அதற்குப் பிறகு செய்தி நின்றுவிடுகிறது. அந்தத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வரும், முறை வைத்து விடுகிறார்களா, எங்கள் முறை எந்தத் தேதி, எந்த மதகு பழுது, எங்கே தூர் வாராமல் கிடக்கிறது என்று யாரும் போடுவதில்லை. மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கரைத் தேடிப் பிடித்துக் கேட்கிறோம். அவருக்கும் பாதிதான் தெரியும். நாற்று முற்றிக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு தேதிக்காக நாங்கள் கிடக்கிற கிடை எங்களுக்குத்தான் தெரியும்.

செய்தி மேசை

ஐயா, இதைப் போட முடியும். நிஜமாகவே முடியும். ஒரு மாவட்ட நிருபர், ஒவ்வொரு பாசனப் பிரிவிலும் இரண்டு விவசாயிகளின் போன் எண். தினமும் மாலை கூப்பிட்டு, தண்ணீர் எந்த ஊர் தாண்டியது என்று ஒரு வரி. திறப்பிலிருந்து கடைமடை போய்ச் சேரும் வரை இதைத் தொடர்ந்தால் போதும், ஊர்ப் பெயரைத் தலைப்பிலேயே வைத்து.

என் ஆசிரியரிடம் நாளை கேட்கிறேன். பார்வை வராது என்று சொல்லக்கூடும், இருந்தும் கேட்கிறேன். வெண்ணாறு சார், கூப்பிட வேண்டிய ஊர்களின் வரிசையை மட்டும் எழுதித் தருவீர்களா?

வெண்ணாறு

தருகிறேன் தம்பி. வெண்ணாற்றுப் பக்கத்து ஊர்கள் எனக்கு மனப்பாடம். கல்லணைக் கால்வாய்ப் பக்கம் அவ்வளவு தெரியாது, பேராவூரணியில் ஒரு பழைய நிருபரைக் கேட்டு எழுதுகிறேன். கடைமடை ஐயா, உங்கள் ஊருக்கு முந்தின மதகு எது என்று சொல்லுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எழுதிக்கொண்டு வருகிறேன்.